அண்டை வீட்டார் வாக்குமூலம்

இருக்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள், டீச்சர். வாக்காளர் பட்டியலில் வரிசை எண் நானூற்றுப் பன்னிரண்டு, தியாகேசன், தகப்பனார் சாமிநாதன். இருக்கிறார். அடுத்த பெயரைப் படியுங்கள்.

ஏன் பேனாவை மூடிவிட்டீர்கள்? வீடு பூட்டியிருக்கிறது என்பதற்காகவா? இந்தத் தெருவில் பூட்டின வீடு ஏழு இருக்கிறது. மூன்றாம் நம்பர் வீட்டுக்காரன் துபாயில் இருக்கிறான் என்றேன், எழுதினீர்கள். மாடி வீட்டு அம்மாள் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றேன், அதையும் எழுதினீர்கள். இவருக்கு மட்டும் என் முகத்தைப் பார்க்கிறீர்கள்.

சரி. நீங்கள் இன்னும் நாலு கதவைத் தட்டினால் யாராவது சொல்லிவிடுவார்கள். அதற்கு நானே சொல்லிவிடுகிறேன். இறந்துவிட்டார். பிப்ரவரியில். ஆனால் நீங்கள் அதை எழுத வேண்டாம் என்கிறேன். ஒரே ஒரு தேர்தல் வரைக்கும் அந்தப் பெயர் அந்த இடத்தில் இருக்கட்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

கள்ள ஓட்டுக்கு இல்லை. நீங்கள் அப்படித்தான் நினைப்பீர்கள், தெரியும். பன்னிரண்டு வருஷம் இந்த பூத்துக்கு நான் கட்சி ஏஜெண்ட். அந்த வேலையை விட்டாயிற்று. வெளியே பாருங்கள், கொடியைக்கூட இறக்கிவிட்டேன். கம்பம் மட்டும் நிற்கிறது, அதைப் பிடுங்கினால் சிமெண்டுத் தரை பெயர்ந்துவிடும்.

உட்காருங்கள். ஸ்டூலில் மாவு இருக்கும், துடைத்துத் தருகிறேன். லைன் வேலை என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள், மிஷின் ஓடாது. ஓடாமல் இருந்தால்தான் எனக்கு நிம்மதி. மாவு மில்காரன் இப்படிச் சொல்லக்கூடாது. ஆனாலும் அப்படித்தான்.

தியாகேசன் அண்ணன் போஸ்ட்மேன். நாற்பது வருஷம் இந்த ஊர்த் தபாலை அவர்தான் கொடுத்தார். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகள், ஓசூரில். ரிட்டயரான பிறகு தனியாளாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு தூக்கில் மூன்று கிலோ கோதுமை எடுத்துக்கொண்டு இங்கே வருவார். ஒற்றை ஆளுக்கு வாரத்துக்கு மூன்று கிலோ எதற்கு என்று கேட்காதீர்கள். சப்பாத்தி போட்டு எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுப்பார். அதோடு, வருவதற்கு ஒரு காரணம் வேண்டுமில்லையா.

இந்த மில்லில் ஒரு வழக்கம். வந்தவர்கள் பாத்திரத்தை வரிசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். பாத்திரம்தான் வரிசையில் நிற்கும், ஆள் பேசிக்கொண்டிருப்பான். மிஷின் ஓடுகிற சத்தத்தில் எல்லாரும் கத்தித்தான் பேச வேண்டும். ஒரு ஆள் தானியம் முடிந்து மோட்டாரை நிறுத்தினேன் என்றால், கத்திக்கொண்டிருந்தவனுடைய கடைசி வார்த்தை மட்டும் தனியாக நிற்கும். சில சமயம் அது ஏடாகூடமான வார்த்தையாக இருக்கும். எல்லாரும் சிரிப்பார்கள்.

நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஆறு மாதம் இருக்கும்போதே இங்கே சண்டை ஆரம்பித்துவிட்டது. அந்த வருஷம் கடன்தான் பேச்சு. வீட்டுக் கடன் இல்லை, சர்க்கார் கடன். தியாகேசன் அண்ணன் பேப்பரைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவார்.

"ஒரு ரூபா செலவு பண்றாங்கன்னா அதுல முப்பது பைசாவுக்கு மேல கடனா வாங்கினது. இருபது பைசா பழைய கடனுக்கு வட்டி. படிச்சுப் பாரு" என்று லாண்டரி முருகையனிடம் நீட்டுவார்.

முருகையன் எங்களுக்கு எதிர்க்கட்சி. அவன் படிக்கமாட்டான். "அண்ணே, கடன் இல்லாத சர்க்கார் எது? அமெரிக்காக்காரனே கடன்லதான் ஓடுறான்."

"ஓடட்டும்டா. அவனுக்குக் கடன் குடுக்கிறவனும் உனக்குக் கடன் குடுக்கிறவனும் ஒருத்தனா?"

"ரோடு போடணும், ரயில் விடணும். உங்க பென்ஷனே அதுலதான் வருது. அதை நிறுத்தச் சொல்லட்டுமா?"

"சொல்லு. அதையும் உங்க கட்சி நோட்டீஸ்ல போடு. அப்பவாவது ஒரு உண்மை இருக்கும்."

தையல்கார சகாயமேரி கேழ்வரகு அரைக்க வருவாள். அவள் வாயில் விழுந்து எழுந்தவர் கிடையாது. "சார், என் தலையில எவ்வளவு கடன்னு போட்டிருக்கான்?"

"ஆளுக்கு லட்சத்துக்கு மேல வருது."

"யாரைக் கேட்டு என் தலையில வெச்சான்? ஒரு ஜாக்கெட்டுக்கு நூத்தம்பது வாங்குறேன், அதையும் தவணையில குடுக்கிறாளுங்க. இருக்கிற தலை போதாதுன்னு இது வேறயா?" பிறகு என் பக்கம் திரும்புவாள். "உங்க கட்சி மாசம் ரெண்டாயிரம் பொம்பளைங்களுக்குன்னு சொல்லுதே, அது வருமா வராதா? அதைச் சொல்லுங்க முதல்ல."

"வரும்" என்பேன்.

"எதுலேருந்து?" என்பார் தியாகேசன் அண்ணன்.

இதுதான் அவர் கேள்வி. எல்லாக் கட்சிக்கும் இதே கேள்விதான். முருகையனிடம் கேஸ் விலை குறைப்புக்குக் கேட்பார், என்னிடம் ரெண்டாயிரத்துக்குக் கேட்பார். கொடுக்கக்கூடாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதை நான் சத்தியமாகச் சொல்வேன். "குடுங்க. சகாயமேரிக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்கிறது? எதுலேருந்து குடுப்பீங்கன்னு ஒரு வரி சொல்லுங்க. கடன் வாங்கித்தான்னா, கடன் வாங்கித்தான்னு சொல்லுங்க. யார் அடைப்பாங்கன்னு சொல்லுங்க. தெரிஞ்சே ஓட்டுப் போடுறேன்." இருபத்தொரு வயதிலிருந்து ஒரு தேர்தல் விடாமல் ஓட்டுப் போட்ட மனிதர். இந்தத் தடவை யார் பதில் சொல்கிறார்களோ அவர்களுக்கு என்று வைத்திருந்தார். மூன்று கட்சி ஆபீசுக்கும் கார்டு மேல் கார்டாக எழுதிப் போட்டார்.

எனக்குப் பதில் தெரியாதபோது நான் மோட்டாரைப் போட்டுவிடுவேன். அது ஒரு சௌகரியம். சுவிட்ச் என் கையில்தானே இருக்கிறது. அவர் வாய் அசையும், சத்தம் வராது. அவரும் சிரித்துக்கொண்டே கையை உதறிவிட்டு உட்கார்ந்துவிடுவார். இதெல்லாம் விளையாட்டு. ஒருத்தருக்கொருத்தர் கோபம் கிடையாது. எங்களுக்குள் கோபமே கிடையாது.

கார்த்திகை மாதம் எங்கள் மாவட்டப் பொறுப்பாளர் வந்தார். தேர்தல் அறிக்கைக்கு மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள், அதற்கு ஊருக்கு ஓர் இடம். நம் ஊருக்கு என் மில். நான்தான் கெஞ்சி வாங்கினேன். வார்டு செயலாளர் பதவி காலியாக இருந்தது. எனக்கு என்று கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. முன்சுவருக்கு வெள்ளை அடித்தேன். சால்வை வாங்கினேன். கருத்துப் பெட்டி என்று ஒரு தகரப் பெட்டியை எடுத்துவந்து தராசுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

பொறுப்பாளர் அங்கே உட்கார்ந்திருந்தார், நீங்கள் இருக்கிற இடத்தில். "பெரியவர் சொல்லுங்க, உங்க கருத்து என்ன?" என்று தியாகேசன் அண்ணனைப் பார்த்துத்தான் கேட்டார். வயதானவர், போட்டோவில் நன்றாக விழும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

அண்ணன் எழுந்து நின்றார். அவர் கேள்வியைக் கேட்டார்.

"நல்ல கேள்வி ஐயா. தலைமை பாத்துக்கும்."

"தலைமைக்கு மூணு கார்டு எழுதிட்டேன்."

"வந்து சேர்ந்திருக்காது ஐயா."

"சேர்ந்திருக்கும். நாப்பது வருஷம் கார்டு குடுத்தவன் நான். போற கார்டு எது, போகாத கார்டு எதுன்னு எனக்குத் தெரியும்."

மில்லே சிரித்தது. முருகையன் தொடையைத் தட்டிச் சிரித்தான். பொறுப்பாளரும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது. அண்ணன் உட்காரவில்லை. "சிரிக்க வேணாம். நான் சண்டைக்கு வரல. ஒரு வரி. எதுலேருந்து?" என்றார்.

நான் போய் மோட்டாரைப் போட்டுவிட்டேன்.

டீச்சர், உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. மேலே தானியம் இல்லாமல் கல்லைச் சுற்ற விடக்கூடாது. நடுவில் தானியம் இல்லையென்றால் கல் கல்லையே தின்னும். நெருப்புப் பறக்கும், ஒரு கருகல் வாசனை வரும். இருபத்தைந்து வருஷத்தில் நான் அதைச் செய்ததில்லை. அன்றைக்குச் செய்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார், நானும் நிறுத்தவில்லை. கடைசியில் பொறுப்பாளர்தான் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். சால்வை போடவே இல்லை. அன்றைக்கு சாயங்காலம் சகாயமேரி வந்து, "கூழ்ல கல்லு கடிபடுதுங்க" என்று சத்தம் போட்டாள்.

பதவி வேறு ஆளுக்குப் போயிற்று. "உன் மில்லுல கூட்டம் போட்டதுக்கு எதிர்க்கட்சி ஆபீஸ்லயே போட்டிருக்கலாம்யா" என்று எல்லார் எதிரிலும் சொன்னார்கள். பன்னிரண்டு வருஷம் போஸ்டர் ஒட்டியிருக்கிறேன், டீச்சர். என் சொந்தக் காசில் பசை காய்ச்சியிருக்கிறேன். ஒரு கேள்வியில் போயிற்று. அவருக்கு அதெல்லாம் தெரியுமா? அடுத்த செவ்வாய் ஒன்றும் நடக்காதது மாதிரி தூக்கை வரிசையில் வைத்தார். "கல்லைக் கொத்தணும் போலிருக்கே தம்பி" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் அவர் ஓசூருக்குப் போனார். கண்ணில் புரை; மகள் அங்கே ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்திருந்தாள். ஒரு மாதத்தில் வந்துவிடுவேன், வீட்டைப் பார்த்துக்கொள் என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மாதத்தில்தான் சத்துணவு அமைப்பாளர் அம்மா பட்டியலோடு வந்தார். உங்களுக்கு முன்னால் இந்த பூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவரும் இப்படித்தான், ஒவ்வொரு வீடாக ஏறி இறங்காமல் இங்கே உட்கார்ந்து படித்துவிடுவார். தெருவே இங்கே வந்து போகிறதே. "தியாகேசன், வீடு பூட்டியிருக்கு. என்ன போடட்டும்?" என்றார்.

"மகளோட போயிட்டார். ஓசூர்லயே. இனிமே வரமாட்டார்" என்றேன்.

அவ்வளவுதான். நான் நீக்கச் சொன்னேனா? சொல்லவில்லை. கேட்டார்கள், சொன்னேன். அன்றைக்கு அவர் ஓசூரில்தானே இருந்தார்? பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாக ஒரு கையெழுத்து வேண்டும் என்று தாளை நீட்டினார். வரிசையில் எட்டுப் பாத்திரம் நிற்கிறது. காட்டின இடத்தில் எழுதிக் கொடுத்தேன்.

பொங்கலுக்கு முன்னால் அவர் வந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடியோடு நேராக மில்லுக்கு வந்தார். "லிஸ்ட் வந்துடுச்சாமே. நம்ம பேர் இருக்குல்ல, தம்பி?" என்று கேட்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு பாரம் எழுதிக் கொடுத்தால் சேர்த்திருப்பார்கள், நாள் இருந்தது. ஏஜெண்டுக்கு அது தெரியாதா? ஆனால் பொங்கல் நேரம், பச்சரிசி அரைக்கக் கூட்டம் வாசல் வரைக்கும் நிற்கிறது. "உங்க பேர் இல்லாம லிஸ்ட் ஏதுண்ணே" என்று சொல்லிவிட்டேன். கூட்டம் குறைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

தேர்தல் அன்று பூத்துக்கு இருநூறு மீட்டர் தள்ளி நான் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன், எதிர்ப் பக்கம் முருகையன். அண்ணன் ஏழு மணிக்கே வந்தார். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். "நம்பரைச் சொல்லு" என்றார்.

நான் தேடினேன், டீச்சர். இல்லை என்று தெரிந்தே தேடினேன். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். மூன்று தடவை. அவர் குனிந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுக் கண், நன்றாகத் தெரிந்திருக்கும்.

உள்ளே போய் இரண்டு மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "இடம் மாறிட்டேனாம் தம்பி" என்றார். "இந்த ஊர்ல யார் யார் எங்க மாறிப்போனாங்கன்னு நாப்பது வருஷம் தபால்ல எழுதினவன் நான். என்னை யார் எழுதினது?"

"ஆபீஸ்ல தப்பு பண்ணியிருப்பாங்கண்ணே."

முருகையன் எழுந்து வந்துவிட்டான். "அநியாயமா இருக்கு. வாங்கண்ணே, தாசில்தாரைப் போய்க் கேப்போம், ரோட்ல உக்காருவோம்" என்று கத்தினான். அவர் அவன் தோளைத் தட்டி உட்கார வைத்தார். "விடுடா. கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல. இப்ப எனக்குப் பதில் சொல்லவேண்டிய அவசியமும் இல்லாம போச்சு, அவ்வளவுதான்" என்றார். பிறகு நடந்து போனார். சலவைச் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது.

அதன் பிறகும் செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்தார். அதைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கோபம் இருந்தால் வருவாரா? பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்னொரு மில் இருக்கிறதே. பேசுவதைத்தான் நிறுத்திவிட்டார். முருகையன் சீண்டிப் பார்ப்பான். புது சர்க்கார் பட்ஜெட் போட்டது, கடன் இன்னும் ஏறிவிட்டது, என்ன அண்ணே சும்மா இருக்கீங்க என்பான். "ஓட்டு இல்லாதவனுக்குக் கருத்து எதுக்கு" என்பார். கூட்டமும் குறைந்துவிட்டது. சகாயமேரி கேழ்வரகைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள், பிறகு வந்து வாங்கிக்கொள்கிறாள். ஒருநாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். "என் காலத்துல மூணு தடவை போய்க் கதவைத் தட்டிப் பாக்காம ஒரு தபாலையும் ஆள் இல்லைன்னு திருப்பினதில்லை, தம்பி" என்றார். வயதானால் பழைய உத்தியோகம் ஞாபகம் வரும். ஆமாமண்ணே என்றேன்.

அவருக்குத் தெரியாது. கடைசி வரைக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருப்பார், மாவட்டப் பொறுப்பாளரையே நிற்க வைத்துக் கேட்டவர் என்னைக் கேட்கமாட்டாரா? எனக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய் கோதுமையை வைத்துவிட்டுப் போனவர் வாங்க வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. வியாழக்கிழமை மாவை எடுத்துக்கொண்டு நானே போனேன். கதவு தாழ் போடாமல் இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில், சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். நான் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை. ஏதோ கேட்கப்போகிறார் என்று இருந்தது.

மகள் வந்து எல்லாம் முடித்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. மோட்டாரைப் போட்டால், கல் வேகம் பிடித்ததும், அந்தச் சத்தத்துக்கு அடியில் கேட்கிறது. "எதுலேருந்து?" கோபமாக இல்லை. அவர் எப்போதும் கேட்கிற மாதிரிதான், சாதாரணமாக. மோட்டாரை நிறுத்தினால் நின்றுவிடுகிறது. காது டாக்டரிடம் போனேன். இத்தனை வருஷம் மிஷின் பக்கத்தில் நின்றால் காதில் இரைச்சல் வரும் என்றார். இரைச்சல் கேள்வி கேட்குமா, டீச்சர்? முன்பு அவர் பேச்சு கேட்கக்கூடாது என்று மோட்டாரைப் போடுவேன். இப்போது போட்டால்தான் கேட்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு அரைக்க முடியும், சொல்லுங்கள்.

அதனால்தான் கேட்கிறேன். அவர் எழுதிக் கொடுத்துப் பெயர் திரும்ப வந்துவிட்டது. உங்கள் பட்டியலில் அச்சாகி இருக்கிறது. ஆனால் ஓட்டுப் போடவில்லை. அவருக்கு ஒரு தேர்தல் நிலுவையில் இருக்கிறது. போடாவிட்டாலும் பெயராவது அன்றைக்கு அங்கே இருக்கட்டும். அது வரைக்கும் யாரும் கோடு போட வேண்டாம். இரண்டாம் தடவையும் என் வாயால் வேண்டாம்.

பையில் என்ன தேடுகிறீர்கள்?

பெயரைத் திரும்பச் சேர்க்க அவர் கொடுத்த பாரமா அது? ஆமாம், அவர் எழுத்துதான். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும். போட்டோவில் இளைத்துத் தெரிகிறார். பின்னால் என்ன குத்தியிருக்கிறது? திருப்புங்கள். வெளிச்சத்தில் காட்டுங்கள்.

ஜெராக்ஸ்.

தகவல் கேட்டு மனுப் போட்டு வாங்கியிருக்கிறார். மேலே ஆபீஸ் முத்திரை. ஜூன் பதினொன்று.

இது என் கையெழுத்து, டீச்சர்.

ஜூன் பதினொன்று என்றால், ஜூலை, ஆகஸ்டு... பிப்ரவரி வரைக்கும். முப்பத்தைந்து, முப்பத்தாறு செவ்வாய்க்கிழமை. அந்த இடத்தில்தான் நின்றார். மாவு விழும்போது இரண்டு விரலால் தேய்த்துப் பார்ப்பார். "போதும் தம்பி" என்பார். தம்பி என்றுதான் சொன்னார். ஒரு நாள்கூட மாற்றிச் சொல்லவில்லை.

படித்துப் பார்க்காமல் குத்தியிருப்பாரோ? இல்லை. ஊரார் கையெழுத்தைப் படித்தே சம்பளம் வாங்கினவர்.

எழுதுங்கள், டீச்சர். இறந்துவிட்டார். பிப்ரவரி இருபது, வியாழக்கிழமை என்று போட்டுக்கொள்ளுங்கள். உடம்பைப் பார்த்தவன் நான்தான். கோடு போடுங்கள். நான் சொன்னதாகவே இருக்கட்டும், கையெழுத்துப் போடுகிறேன். தாளைக் கொடுங்கள். கை துடைத்துக்கொள்கிறேன்.

எங்கே போடுவது, இங்கேயா? இதற்கு மேலே ஒரு கட்டம் இருக்கிறதே. "மேற்படி நபருக்கும் தகவல் தருபவருக்கும் உள்ள உறவு." இது அப்போதும் இருந்ததா? அந்த ஜெராக்ஸை இப்படிக் காட்டுங்கள்.

ஆமாம், இருந்திருக்கிறது. நிரப்பியிருக்கிறேன். 'நண்பர்' என்று எழுதியிருக்கிறேன்.

இந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் வாங்கிக்கொள்ள மாட்டார்களா, டீச்சர்?